40 பவுன் நகைக்கு ஜகாத்: அம்மா கொடு என்கிறார், மாமி தேவையில்லை என்கிறார்

மருதாணி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு நிக்காஹ் ஆகி இந்த ரமலானோடு ஒரு வருஷம் நிறைகிறது. அம்மா வீட்டில் போட்டது 40 பவுன். அதில் தினமும் போடுவது நான்கைந்து பவுன்தான். மீதி கல்யாணம், பெருநாள் என்றால் வெளியே வரும்.

எங்கள் வீடு உத்தமபாளையம் பக்கம், ஹனஃபி மத்ஹபு (மார்க்கச் சட்டத்தில் பின்பற்றும் வழி). கணவர் வீடு கடற்கரை ஊர், ஷாஃபி. போன வாரம் அம்மா போன் செய்து, "வருஷம் ஆகப்போகுது, நகைக்கு ஜகாத் கணக்குப் பார்த்து வைத்துக்கொள்" என்றார். சேர்ந்த செல்வத்தில் வருஷத்துக்கு ஒரு பங்கைக் கொடுக்கும் கடமைதானே ஜகாத். இதை மாமியிடம் சொன்னேன். "போடுற நகைக்கு ஏதும்மா ஜகாத்? எங்க உம்மா காலத்துலேர்ந்து நாங்க கொடுத்ததில்லையே" என்றார். கோபமாக இல்லை, உண்மையிலேயே ஆச்சரியமாகத்தான் கேட்டார். இருவருமே ஐந்து வேளை தொழுபவர்கள், ஓதத் தெரிந்தவர்கள்.

எனக்குச் சம்பளம் கிடையாது. கையில் ரொக்கமும் இல்லை. கொடுக்க வேண்டும் என்றால் எதை எடுத்துக் கொடுப்பது? கல்யாணம் ஆனதால் நான் ஷாஃபிக்கு மாறிவிட்டேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோரக் காக்கா எழுதியது:

வஅலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. உன் மாமி சொன்னது எங்கள் மத்ஹபில் உள்ளதுதான், அவர்களாகச் சொன்னதில்லை. ஒரு பெண் அணிவதற்கென்று வைத்திருக்கும் ஆகுமான நகைக்கு ஷாஃபியில் ஜகாத் இல்லை. மாலிக்கி, ஹன்பலியிலும் அப்படித்தான். உடுக்கும் துணி, புழங்கும் பாத்திரம் போல அது சொந்த உபயோகத்துக்கான பொருள், வளருகிற செல்வம் இல்லை என்பது அதற்குச் சொல்லும் காரணம்.

காயல்பட்டினம், கீழக்கரை என்று எங்கள் கரையோர ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபிதான். கேரளா, இலங்கை, மலேசியா, இந்தோனேசியா எல்லாம் இதே மத்ஹபு. அரபு வணிகரின் கப்பல் வந்த தடம் அது. உங்கள் பக்கம் ராவுத்தர் ஊர்களில் ஹனஃபி. கடல் உணவில் எதெது ஆகும் என்ற விஷயத்தில் உனக்கு ஏற்கெனவே இந்த வித்தியாசம் தெரிந்திருக்கும்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். "போடுகிற" நகை என்பதுதான் அங்கே முக்கியம். போடும் எண்ணமே இல்லாமல், பிற்காலத்துக்கு ஆகும் என்று முதலீடாகப் பூட்டி வைத்த தங்கத்துக்கு ஷாஃபியிலும் ஜகாத் உண்டு. அளவு மீறிய நகைக்கும் உண்டு. கிதாபுகளில் 200 தீனார் எடையில் ஒரு கொலுசு என்று உதாரணம் காட்டியிருக்கிறார்கள். ஒரு தீனார் நாலேகால் கிராம், அப்படியானால் 850 கிராம். ஆண்கள் போடும் தங்கச் சங்கிலிக்கும் மோதிரத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது, ஆணுக்குத் தங்கம் அணிவதே ஆகாது என்பதால். "நகைக்கு ஜகாத் இல்லை" என்று பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு மீதியை எங்கள் ஊரில் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் மனவருத்தம் உண்டு.

கம்பத்துக்காரன் எழுதியது:

நாங்கள் ஹனஃபி. தங்கம், வெள்ளி எந்த வடிவில் இருந்தாலும், காசோ கட்டியோ கழுத்தில் கிடப்பதோ, நிஸாபு, அதாவது ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு, இருந்து ஒரு வருஷம் கடந்தால் நாற்பதில் ஒன்று கொடுத்தாக வேண்டும். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. கொடுக்காமல் இருக்க வழி தேடுகிறவர்களுக்குத்தான் இத்தனை "ஆனால்" தேவைப்படும்.

ஓதிக்கொடுப்பவன் எழுதியது:

கம்பத்து அண்ணன் கடைசி வரியை எழுதாமல் இருந்திருக்கலாம். நகைக்கு ஜகாத் இல்லை என்றவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்கச் சொன்னவர்கள் இல்லை. நபியின் மனைவி அன்னை ஆயிஷா (ரலி) தம் சகோதரரின் அநாதைப் பெண்பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நகை இருந்தது, அதற்கு அவர்கள் ஜகாத் எடுக்கவில்லை என்று இமாம் மாலிக்கின் முவத்தா என்ற ஹதீஸ் நூலில் இருக்கிறது. நபித்தோழர் இப்னு உமர் (ரலி) தம் பெண்மக்களுக்குத் தங்கம் அணிவித்தார்கள், அதற்கு ஜகாத் எடுத்ததில்லை என்பதும் அதிலேயே வருகிறது.

மறுபக்கம் அபூதாவூத் தொகுப்பில் ஒரு ஹதீஸ் (நபிமொழி). ஒரு பெண்மணி மகளோடு நபி (ஸல்) அவர்களிடம் வருகிறார். மகள் கையில் இரண்டு கனத்த தங்க வளையல். "இதற்கு ஜகாத் கொடுக்கிறாயா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறார். மறுமையில் இவற்றுக்குப் பதில் நெருப்பு வளையல் அணிவிக்கப்பட்டால் உனக்குச் சந்தோஷமா என்று கேட்டதும், அந்த அம்மா இரண்டையும் கழற்றி அங்கேயே வைத்துவிடுகிறார். ஹனஃபிகள் எடுக்கும் ஆதாரங்களில் இது ஒன்று. இந்தத் தலைப்பில் நபியிடமிருந்து ஸஹீஹாக, அதாவது நம்பகமான தொடரோடு, எதுவும் வரவில்லை என்று இமாம் திர்மிதி சொல்லியிருக்கிறார். அபூதாவூதின் அறிவிப்பாளர் தொடர் நல்ல தொடர்தான் என்று பின்னால் வந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். இமாம் ஷாஃபி இராக்கில் இருந்தபோது நகைக்கு ஜகாத் இல்லை என்றார்கள். எகிப்துக்குப் போன பிறகு, இதில் அல்லாஹ்விடம் நல்வழி கேட்கிறேன் என்று நிறுத்திக்கொண்டார்கள் என்று வருகிறது. அவ்வளவு பெரிய இமாமே தயங்கிய இடம் இது.

தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். நிக்காஹ் ஆவதால் பெண்ணின் மத்ஹபு மாறுவதில்லை. நீங்கள் ஓதி வளர்ந்தது ஹனஃபி என்றால், அதன்படியே தொழலாம், அதன்படியே ஜகாத்தும் கொடுக்கலாம். நகை உங்களுடையது, அதனால் கடமையும் உங்கள் மேல்தான். கணவர் மேல் இல்லை. அவர் விரும்பி உங்கள் சம்மதத்தோடு உங்களுக்காகக் கொடுத்தால் நிறைவேறும், ஆனால் கொடு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை. ரொக்கம் இல்லையென்றால் நகையிலேயே ஒரு சிறு உருப்படியைக் கொடுக்கலாம், அல்லது விற்றுக் கொடுக்கலாம்.

முத்துநகர்வாசி எழுதியது:

நான் தூத்துக்குடி, கிறிஸ்தவன். பக்கத்து வீட்டு ராத்தா கொடுத்தனுப்பும் நோன்புக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவன். தப்பாக நினைக்காவிட்டால் இரண்டு கேள்வி. எங்கள் சபையில் தசமபாகம் உண்டு, வருமானத்தில் பத்தில் ஒன்று. ஜகாத்தும் அதுதானா? அந்தக் கஞ்சியும் ஜகாத் பணத்தில்தான் காய்ச்சுகிறார்களா?

கணக்கர் எழுதியது:

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? நல்ல கேள்வி.

தசமபாகம் வருகிற பணத்தின் மேல். ஜகாத் பெரும்பாலும் தங்கிய பணத்தின் மேல். மாதம் ஒரு லட்சம் சம்பாதித்து, வாடகை, பள்ளிக் கட்டணம், வைத்தியம் என்று அத்தனையும் செலவாகிவிட்டால் ஜகாத் இல்லை. பத்தாயிரம் சம்பாதிப்பவர் மிச்சம் பிடித்து, அது நிஸாபைத் தொட்டு ஒரு சந்திர வருஷம் கடந்தால் அவர் கொடுக்க வேண்டும். விளைச்சல் மட்டும் வேறு மாதிரி. அறுவடை அன்றே கணக்கு. மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. தண்ணீருக்குப் பட்ட பாட்டுக்குப் பாதி கழிவு.

நோன்புக் கஞ்சி ஜகாத் இல்லை. அரசு தரும் பச்சரிசி, ஊரார் கொடுக்கும் நன்கொடை, அன்றைய கஞ்சிச் செலவை ஏற்றுக்கொண்டவரின் பணம், இவற்றில் காய்ச்சுவது. பணக்காரரும் குடிப்பார், நீங்களும் குடிப்பீர்கள். ஜகாத்தை அப்படிப் பொதுவில் செலவழிக்க முடியாது. யாருக்குப் போக வேண்டும் என்று குர்ஆனே 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனத்தில் எட்டு வகையினரைச் சொல்லிவிட்டது: ஏழைகள், வறியவர்கள், வசூலிக்கும் பணியாளர்கள், உள்ளம் இணக்கப்பட வேண்டியவர்கள், அடிமைத்தளையில் இருப்பவர்கள், கடனாளிகள், அல்லாஹ்வின் பாதையில் இருப்பவர்கள், வழிப்போக்கர்கள். பள்ளிவாசல் கட்ட, சுண்ணாம்பு அடிக்க, மினாராவுக்கு விளக்குப் போடக்கூட ஜகாத் பணத்தை எடுக்கக் கூடாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஒரு மனிதரின் கையில், அவருக்கே சொந்தமாகப் போய்ச் சேர வேண்டும்.

இனி மருதாணியின் கணக்கு. தங்கத்தின் நிஸாபு 20 மிஸ்கால். நம் நாட்டு ஹனஃபி ஆலிம்கள் இதை ஏழரைத் தோலா, அதாவது 87.48 கிராம் என்பார்கள். 85 கிராம் என்று எடுப்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் பத்தரையிலிருந்து பதினொரு பவுனுக்குள். உங்களிடம் 40 பவுன், 320 கிராம். நாற்பதில் ஒரு பங்கு 8 கிராம். சரியாக ஒரு பவுன். மனக்கணக்காகவே போடலாம்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். கல் எடையைக் கழித்துவிடுங்கள். வைரம், முத்து, பவளம் விற்பனைக்கு வைத்திருந்தால்தான் ஜகாத், அணிந்தால் இல்லை. செய்கூலி, சேதாரத்தை மதிப்பில் சேர்க்க வேண்டாம், தங்கத்தின் அன்றைய விலை போதும். ரமலானில்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. உங்களுக்கு வருஷம் நிறையும் நாள் எதுவோ அதுதான் நாள். நன்மை பெருகும் மாதம் என்பதால் பலரும் ரமலானுக்கு வைத்துக்கொள்கிறார்கள். பிறைக் கணக்கில் வருஷம் 354 நாள். ஆங்கிலத் தேதிப்படி கொடுத்து வந்தால் ஆண்டுக்குப் பதினோரு நாள் நழுவி, 33 வருஷத்தில் ஒரு முழு வருஷ ஜகாத் விட்டுப்போகும். ஆங்கிலத் தேதியைத்தான் வைத்துக்கொள்வேன் என்பவர்கள் 2.5க்குப் பதில் 2.577 சதவீதம் போட வேண்டும்.

முத்துநகர்வாசி எழுதியது:

இறைத்த தண்ணீருக்குப் பாதி கழிவு என்பது மனதில் நின்றுவிட்டது. நன்றி. எங்கள் வீட்டில் கிணற்றுப் பாசனம்தான், அந்தப் பாடு தெரியும்.

கம்பத்துக்காரன் எழுதியது:

முன்பு எழுதிய கடைசி வரிக்கு வருந்துகிறேன். காக்கா மன்னிக்கவும்.

என் வீட்டு விஷயம் ஒன்று கேட்க வேண்டும். நகையில் பாதி அடகில் இருக்கிறது. அதற்கும் கணக்குப் போட வேண்டுமா?

ஓதிக்கொடுப்பவன் எழுதியது:

ஹனஃபி நூல்களில், அடகு பிடித்தவர் கையில் இருக்கும் வரை அந்தப் பொருளுக்கு ஜகாத் இல்லை. கொடுத்தவர் மேலும் இல்லை, பிடித்தவர் மேலும் இல்லை. மீட்டு வந்த பிறகு கணக்கு. வீட்டில் உள்ள மீதியைத் தனியாகப் பாருங்கள். உங்கள் கடன் விவரத்தை எடுத்துக்கொண்டு உள்ளூர் ஹஜ்ரத்திடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள். கடனைக் கழிப்பதில் இரண்டு மத்ஹபுக்கும் வித்தியாசம் இருக்கிறது, இங்கே இரண்டு வரியில் முடியாது.

ஊசிநூல் எழுதியது:

நான் இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இங்கே எல்லோரும் கொடுக்கிறவர்கள். நான் வாங்கினவள்.

என் வீட்டுக்காரர் மௌத்தானபோது பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நான்கு. நான்கு மாதம் பத்து நாள் இத்தா (கணவர் இறந்தபின் மனைவி காத்திருக்கும் காலம்) முடிந்து வெளியே வந்தபோது கையில் எதுவுமில்லை. அந்த ரமலானில் ஓரிடத்தில் ஜகாத் கொடுக்கிறார்கள் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் போய் நின்றேன். நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் வரிசை. மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான் என் முறை வந்தது. ஒரு சேலையும் கொஞ்சம் பணமும். அதைக் கொடுக்கிற கையையும் வாங்குகிற கையையும் போட்டோ எடுத்தார்கள். "இந்தப் பக்கம் பாரும்மா" என்றார் எடுத்தவர். நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடினேன். "மூடினா எப்படிம்மா தெரியும்" என்றார். வீட்டுக்கு வந்து அந்தச் சேலையை நான் உடுத்தவேயில்லை. அடுப்படியில் பாத்திரம் துடைக்கத்தான் கிழித்தேன்.

அடுத்த வருஷம். இரவுத் தராவீஹ் தொழுகை முடிந்து தெரு அடங்கிய நேரம். ஒரு அம்மா வந்தார். எங்கள் தெருக்காரர் இல்லை. உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். உனக்கு என்ன வேலை தெரியும் என்றார். தைக்கத் தெரியும், மிஷின் இல்லை என்றேன். போகும்போது ஒரு கவரைச் சொளகுக்கு அடியில் வைத்தார். நான் எழுந்து, உங்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்று அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அழாதம்மா. இது உன்னோடதுதான். ஒரு வருஷமா எங்ககிட்ட இருந்துச்சு, அவ்வளவுதான்."

எண்ணிப் பார்த்தேன். மிஷின் வாங்கி, மோட்டார் போட்டு, முதல் மாதத்து நூலும் லைனிங் துணியும் வாங்குகிற அளவுக்கு இருந்தது. இருபது பேருக்குப் பிரித்திருந்தால் இருபது பேரும் மறு ரமலானில் திரும்பவும் வரிசையில் நின்றிருப்போம். அவர் பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பெரியவன் இப்போது பாலிடெக்னிக் முடித்துவிட்டான்.

மருதாணி தங்கச்சி, எந்த மத்ஹபு என்று ஆலிம்கள் சொல்லட்டும். கொடுப்பதென்று முடிவெடுத்தால், ஒரு பவுனை நூறு நூறு ரூபாயாகப் பிரித்து விடாதே. ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து என்ன தேவை என்று கேள்.

கடலோரக் காக்கா எழுதியது:

ராத்தா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. அந்த அம்மா சொன்னது குர்ஆனில் உள்ளதுதான். நல்லவர்களின் செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் தெரிந்த ஓர் உரிமை உண்டு என்று 70ஆம் அத்தியாயத்தில் வருகிறது. தர்மம் என்றில்லை, "ஹக்" என்றே அல்லாஹ் சொல்கிறான். நம்முடைய பொருளில் நாற்பதில் ஒரு பங்கு நமக்குச் சொந்தமே இல்லை. அதை வைத்துக்கொண்டு உரியவரை வெயிலில் நிற்க வைத்தால் என்ன அர்த்தம்? கொடுத்ததைச் சொல்லிக் காட்டி, மனதை நோகடித்து உங்கள் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று அல் பகரா அத்தியாயத்திலும் இருக்கிறது. இது ஜகாத் என்று வாங்குபவரிடம் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. மனதில் நிய்யத் (எண்ணம்) இருந்தால் போதும்.

கணக்கர் எழுதியது:

ஊசிநூல் சொன்னதோடு ஒன்று. உறவில் தேடிப் பாருங்கள். பெற்றோர், பாட்டனார், பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது, அவர்களைப் பார்ப்பது எப்படியும் நம் கடமை. உடன்பிறந்தவர், சாச்சி, மாமா, அவர்கள் பிள்ளைகள் கஷ்டத்தில் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். தர்மத்தின் கூலி ஒன்று, உறவைச் சேர்த்ததன் கூலி ஒன்று, ஆக இரண்டு. ரமலான் இரவுகளில் ஊர் ஊராகப் போய்க் கொடுக்கிறோம், கூடப் பிறந்தவள் வீட்டில் ஃபீஸ் கட்டாமல் பிள்ளை நிற்பது நமக்குத் தெரிவதில்லை.

கையில் ரொக்கம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. நிஸாபு இருக்கிறவர் வருஷம் நிறையும் முன்பே, அடுத்த தவணைக்கு என்று மாதாமாதம் கொடுத்து வரலாம். முன்கூட்டிக் கொடுப்பது இரண்டு மத்ஹபிலும் ஆகும். கடமையான பிறகு தள்ளிப்போடுவதுதான் கூடாது.

மருதாணி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். இன்று ரமலான் பிறை 27. எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

என் நகையில் சாச்சா போட்ட ஒரு பவுன் காசு இருந்தது. அதை விற்றேன். கடையில் கழிவு போக வந்தது ஒரு பவுன் விலைக்குக் கொஞ்சம் குறைவு, மீதியை வீட்டுக்காரர் அவராகவே போட்டார். ராத்தா சொன்னபடி ஒரே வீடு. கணவரின் தூரத்து உறவு, இரண்டு பெண்பிள்ளைகளோடு இட்லி மாவு அரைத்து விற்கிறார். கிரைண்டர் ஓடி ஓடிக் கல் தேய்ந்து, மாவு நறநறவென்று வருகிறது என்று வாடிக்கை குறைந்திருந்தது. மூன்று மாத வாடகையும் பாக்கி. என்ன தேவை என்று கேட்டபோது முதலில் சொல்லவேயில்லை. சின்னப் பெண்தான் கிரைண்டரைக் காட்டினாள். பணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டோம். அவர் என்ன வாங்குகிறாரோ அது அவர் விருப்பம்.

மாமி கூட வந்தார். வழியெல்லாம் எதுவும் பேசவில்லை. நேற்று விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தபோது, "உன் போன்ல அந்தக் காக்கா எழுதினதைத் திரும்பப் படி" என்றார். பூட்டி வைத்த தங்கம் பற்றிய இடத்தைப் படித்தேன். "என் லாக்கர்ல நன்னியோட அட்டிகையும் காப்பும் கிடக்கு. நான் போட்டு இருபது வருஷம் இருக்கும். இனிமே போடவும் மாட்டேன்" என்றார். பெருநாள் கழிந்து வங்கி திறந்ததும் போகிறோம்.

ஒரே ஒரு சந்தேகம். அந்தக் காப்பு பழைய காலத்து வேலை, உள்ளே அரக்கு அடைத்தது. எடையில் எவ்வளவு தங்கம் என்று எப்படிப் பார்ப்பது?

கணக்கர் எழுதியது:

அரக்குக் காப்பை அப்படியே எடை போட்டால் கணக்குத் தப்பும். பழைய நகை வேலை தெரிந்த பத்தரிடம் கொண்டு போங்கள். கையில் தூக்கிப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவார். உறுதியாக வேண்டுமென்றால் அரக்கை உருக்கி எடுத்துத் தங்கத்தை மட்டும் நிறுத்துவிட்டு, திரும்ப அடைத்துத் தருவார். மாமிக்கு என் ஸலாம் சொல்லுங்கள்.